அக்காவை உட்கார வைத்து அளந்த உயரம்

அக்காவுக்கு அரசாங்கத்திலிருந்து பேட்டரி நாற்காலி வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "இத்த எப்பிடிடி பொதட்டூர்பேட்டைக்கு எடுத்துகினு போறது?" என்பதுதான்.

வேறு யாராக இருந்தாலும் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்திருப்பார்கள். அக்கா அப்படி இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையருகே இருந்த சின்னக் குமிழைப் பிடித்து, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நேராக என் முன்னால் வந்து நின்று இதைக் கேட்டாள்.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே அவளுடைய கால் தசைகள் வலுவிழக்க ஆரம்பித்துவிட்டன. முதலில் அடிக்கடி விழுந்தாள். பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அது மெதுவாக மேலே ஏறும் நோய் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். விரல்கள் மட்டும் கடைசிவரை அவள் சொன்னதைக் கேட்டன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடக் கற்றாள். கட்டத்தாளில் புள்ளி வைப்பதுபோலத் திரையில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவாள். மாங்காய், கொடி, யாளி, தேர்ச்சக்கரம் எல்லாம் அவள் கையிலிருந்து வரும். அதை அட்டையில் துளை போட்டு விசைத்தறியில் ஏற்றுவார்கள். பொதட்டூர்பேட்டையில் அவளுடைய பூ ஓடாத தறிக்கொட்டகை குறைவு என்று ஒரு முதலாளி என்னிடமே சொல்லியிருக்கிறார்.

நைனாவும் தறி ஓட்டியவர்தான். அவர் போன பிறகு அம்மா, அக்கா, நான் என்று வீட்டில் மூன்று பெண்கள். நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். திருத்தணி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை முருகன் மலைக்கும், திருப்பதிக்கும், காஞ்சிபுரத்துக்கும் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு.

நாற்காலி வருவதற்கு முன்னால், பொதட்டூர்பேட்டைக்குப் போக வேண்டுமென்றால் அக்காவை நான் இரண்டு கைகளாலும் தூக்கிக் காரின் பின்சீட்டில் உட்கார வைப்பேன். அங்கே போனதும் இறங்க வழி இருக்காது. தறிக்கொட்டகைக்குப் போகும் சந்து குறுகல். வெயிலில் கார் நிற்கும். முதலாளி புடவையை மடித்து எடுத்துக்கொண்டு வந்து சன்னல் வழியாகக் காட்டுவார். மரியாதையாகத்தான் காட்டுவார். அக்காவும் சிரித்த முகத்தோடு பார்ப்பாள். திரும்பி வரும்போது உம்மென்று இருப்பாள்.

"நல்லாதானே வந்திருந்துது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"முடிச்சி மடிச்சிக் கொண்டாந்து காட்டறாங்க. இதழ் எந்த எடத்துல ஒடையுதுன்னு தறி ஓடும்போதுதான்டி தெரியும். எனக்கு ஓடும்போது பாக்கணும்."

ஆகவே நாற்காலி வந்ததும் அவள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. பிரச்சினை நாற்காலியின் கனம். பேட்டரியோடு சேர்த்து இரண்டு ஆள் பிடித்தாலும் அசையாது. டிக்கியில் வைத்தால் பாதி வெளியே நிற்கும். நான் வேன் வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை.

"கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர ஜீப்புல கட்டி இஸ்துகினு போறாங்க இல்ல? அத்த மாதிரி ஒரு சின்ன டிரெய்லரு போடு. நாற்காலி அதுல வரட்டும். நான் கார்ல வரேன்."

கே.ஜி.கண்டிகையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. பட்டறைக்காரர் இரும்புக் கேட், ஷட்டர், ஜெனரேட்டர் வண்டி எல்லாம் செய்கிறவர். நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். அக்காவைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வூட்டுக்கு வந்து நாற்காலிய அளவு பாத்துக்கறேன் தங்கச்சி" என்றார்.

இரண்டு சக்கரத்தில் ஒரு சின்ன டிரெய்லர் தயாரானது. பின்பலகையைத் தாழ்த்தினால் அதுவே சரிவாகும். நாற்காலியை அதில் ஓட்டி ஏற்றிவிடலாம். முன்னால் மாட்டுவண்டிக்கு இருப்பதுபோல ஓர் ஏர்க்கால். காருக்குப் பின்னால் அடியில் டோ பார் என்கிற ஓர் இழுவைக் கம்பி, அதன் நுனியில் இரும்புக் குண்டு. ஏர்க்காலின் வாய் அந்தக் குண்டைக் கவ்விக்கொள்ளும். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவெண் வாங்க நான் அலைந்த அலைச்சலை இங்கே எழுதப்போவதில்லை.

டோ பாரைப் பொருத்திய அன்று நான் மட்டும்தான் பட்டறைக்குப் போயிருந்தேன். அவர் ஏர்க்கால் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. "பாத்தியா, நூல் புடிச்ச மாதிரி நிக்குது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த உயரத்திலேயே குண்டை வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

முதல் பயணத்துக்கு அக்கா விடிவதற்கு முன்பே குளித்துவிட்டுக் காத்திருந்தாள். மஞ்சள் புடவை. அம்மா தலையில் பூ வைத்துவிட்டாள். அக்காவைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தேன். அவள் சாயாமல் இருக்கப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாள். கால்மாட்டில் சாப்பாட்டுக் கூடை, அக்காவின் லேப்டாப், மாற்றுத்துணி. டிரெய்லரில் நாற்காலி.

ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் கையில் பிடிமானமில்லாமல் மிதந்தது. பிரேக் போட்டால் பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுவதுபோல வண்டி முன்னால் போனது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டோ பார் தரையில் உராய்ந்து கர்ரென்று சத்தம் வந்தது. அம்மா, "முருகா" என்றாள்.

ஓரமாக நிறுத்தினேன். அக்காவால் திரும்பிப் பார்க்க முடியாது.

"அம்மா, நீ எறங்காத. நீ குந்திகினே இரு," என்றாள். பிறகு என்னிடம், "தள்ளி நின்னு பக்கவாட்டுல ஒரு போட்டோ புடிச்சிகினு வா," என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அக்கா திரையை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். பூவில் எந்தக் கட்டம் தப்பு என்று பார்க்கிற அதே பார்வை.

"பாரு. காரும் டிரெய்லரும் சேர்ற எடத்துல உள்ள மடிஞ்சிருக்குது. கார் பின்னாடி அமுங்கிப் போச்சு. டிரெய்லரு மூக்கு தரையப் பாக்குது."

"ரசமட்டம் வெச்சிப் பாத்துதான் போட்டாரு அக்கா. நானே பாத்தேன்."

"அப்ப நான் வண்டியில இல்லியே."

அன்றைக்குப் பொதட்டூர்பேட்டை போகவில்லை. திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அவள் தலையிலிருந்த பூவை எடுத்துவிடச் சொன்னாள்.

அடுத்த வாரம் மூன்று பேருமே பட்டறைக்குப் போனோம். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஜீப்புக்குப் போட்டே பழகிட்டேன்மா. ஜீப்புக்கு அடியில ஸ்பிரிங் பட்டை கெட்டி, ஆள் ஏறினாலும் எறங்காது. காரு அப்பிடி இல்ல, குந்தினா அமுங்கிடும்," என்றார். பழைய இணைப்பை வெட்டி எடுத்தார். செங்குத்தாக ஒரு கனத்த தகடு வைத்து, அதில் மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள் போட்டார். குண்டை எந்தத் துளையில் வேண்டுமானாலும் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

"இப்ப எல்லாரும் எப்பிடிப் போவீங்களோ அப்பிடியே ஏறிக் குந்துங்க," என்றார்.

நான் ஸ்டியரிங்கில். பின்னால் அக்காவும் அம்மாவும். கூடையையும் விடவில்லை. டிரெய்லரில் நாற்காலியை ஏற்றிக் கட்டினோம். நல்ல வெயில். போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். அவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு டேப்பை நீட்டி அளந்தார்.

"என்னையும் மூட்டையோட சேத்து எடை போடறாரு பாருடி," என்றாள் அக்கா.

"பேசாம குந்து," என்றாள் அம்மா. "மூச்சு வுட்டா ஒசரம் மாறிடப் போவுது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வந்தால் எனக்கு நிற்காது. வண்டி குலுங்கியது. அடியிலிருந்து, "சிரிக்காதீங்கம்மா, குண்டு ஆடுது!" என்று அவர் கத்தினார். அதைக் கேட்டு அம்மாவும் சிரித்தாள். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நைனா போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

குண்டு மேலிருந்து இரண்டாவது துளைக்குப் போனது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. அவர் நாற்காலியையும் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கட்டினார். "பாரம் ஒரு பங்கு முன்னாடி இருக்கணும் தங்கச்சி. பின்னாடி போயிடுச்சுன்னா டிரெய்லரு வால் ஆட்டும். ஆட்ட ஆரம்பிச்சா காரையும் இஸ்துகினு போயிடும்," என்றார்.

அந்த முறை வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. பொதட்டூர்பேட்டையில் பலகையைத் தாழ்த்தி நாற்காலியை இறக்கினேன். அக்காவைத் தூக்கி அதில் வைத்தேன். அவள் குமிழைப் பிடித்தாள். சந்துக்குள் அவளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். சன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கொட்டகை வாசலில் நாற்காலி ஏறப் பலகை போட்டு வைத்திருந்தார்கள், முதலாளி அதைப் பற்றி எங்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை.

அக்கா தறிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. அவள் ஒரு விரலை மட்டும் தூக்கினாள். தறி ஓட்டுகிறவர் நிறுத்தினார். அக்காவால் குனிந்து பார்க்க முடியாது என்பதால் அவர் துணியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இங்க பாருங்க, இந்த இதழு. ஒரு கட்டம் கம்மியாயிடுச்சு. அதான் ஒடையுது," என்றாள். மடியில் லேப்டாப்பை வைத்து அங்கேயே திருத்தினாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. திரும்பும்போது அவள் தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சுத் தூசு. அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். அக்கா பாதி வழியிலேயே அம்மா தோளில் தூங்கிவிட்டாள். கண்ணாடியில் நான் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்தக் கோடையிலும் மழையிலும் பல தடவை போனோம். நகரிக்கும் ஒரு தடவை போனோம். மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தினமும் யார் யாரையோ மலைக்குக் கூட்டிப்போகிறேன், சொந்த அக்காவைக் கூட்டிப்போக முடியாதா?

"மல எங்கடி போயிடப் போவுது? வேலை முடியட்டும்," என்பாள்.

மார்கழிக் குளிரில் அவளுக்கு இருமல் பிடித்தது. எங்களுக்கெல்லாம் இருமல் என்றால் இருமிவிட்டுப் போவோம். அவளுக்கு இரும வலு இல்லை. நெஞ்சுத் தசையும் தளர்ந்திருந்தது. சளியை வெளியே தள்ள முடியாமல் தவித்தாள். ஜுரம் வந்தது. திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்களும் நர்ஸுகளும் நன்றாகத்தான் பார்த்தார்கள். நான் அதில் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வாயில் குழாய் போட்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. போர்வைக்கு மேல் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று கண்ணைக் காட்டினாள். நான் அந்தக் கைக்குள் என் கையை வைத்தேன். என் உள்ளங்கையிலும் தட்டினாள். ஏதோ ஒரு கட்டத்தை நிரப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அம்மா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் விரல் நின்றது.

ஆம்புலன்ஸில் அம்மா ஏறிக்கொண்டாள். கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, அதை விட்டுவிட்டு வர முடியாது. நான் பின்னாலேயே தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். அவளை வேறு யாரோ ஓட்டிப்போக, நான் பின்னால் வந்தது அன்று ஒரு நாள்தான்.

நாற்காலி கூடத்திலேயே நின்றது. அம்மா தினமும் அதைத் துடைப்பாள். சார்ஜ் போடவில்லையென்றால் பேட்டரி கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சாயங்காலமானால் சார்ஜில் போடுவாள். அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிடுவோம்.

பட்டறைக்காரர்தான் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னார். திருவாலங்காட்டுப் பக்கம் ஒருவர். கரும்பு லோடு ஏற்றும்போது மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. கட்டிலிலேயே கிடக்கிறார். "கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க," என்று பலமுறை சொன்னார்.

நான் முடியாது என்றேன். அவர் போன பிறகும் முடியாது என்றேன். சில வாரம் கழித்து அம்மா, சார்ஜ் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சும்மா நின்னு கெட்டுப் போறதுக்கு, ஒருத்தரு குந்தட்டும். குடுத்துடு."

"நீயும் வரியா?"

"நான் வரல. என்னால பாக்க முடியாது."

நாற்காலியின் உறையைத் துவைத்துக் காயவைத்து மாட்டினாள். நான் டிரெய்லரை வெளியே இழுத்துச் சக்கரத்துக்குக் காற்று பிடித்தேன். நாற்காலியை ஏற்றி, எப்போதும் கட்டும் இடத்திலேயே, எப்போதும் போல வாரை இறுக்கிக் கட்டினேன். குண்டில் மாட்டினேன். எல்லாம் பழகிய வேலை. கை தானாகச் செய்தது.

சென்னை போகும் பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியவில்லை. திருவாலங்காட்டுக்குத் திரும்பும் முன்னால் ஒரு லாரி என்னைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு மறுபக்கம். பிறகு நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்க்கிறேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வால் ஆட்டிக்கொண்டு வருகிறது. காரின் பின்பாகத்தையும் பிடித்து ஆட்டுகிறது. பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேகம் குறைந்து, கிளைச் சாலையில் திரும்பி, ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

டயர் என்று நினைத்தேன். டயர் சரியாக இருந்தது. நாற்காலியின் வார் தளர்ந்து, நாற்காலி பின்பலகை வரைக்கும் சரிந்திருந்தது. இறுக்கித்தானே கட்டினேன், எப்படிச் சரியும் என்று தள்ளி நின்று பார்த்தேன். டிரெய்லரின் ஏர்க்கால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு புரிந்தது. பின்சீட்டில் ஒருவரும் இல்லை. குண்டு இன்னும் மூன்று பேருக்கு அளந்த துளையில் இருந்தது.

அவள் இறந்த அன்றும், காரியம் நடந்த அன்றும் நான் அழுதேன்தான். ஆனால் எல்லோருக்கும் நடுவில், எல்லோரும் அழுததால் அழுதது அது. அந்த மரத்தடியில் நான் தரையில் உட்கார்ந்து, காரின் பின்பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவளைத் தூக்கித் தூக்கி என் கைக்கு அவள் கனம் தெரியும். அந்தக் கனம் இல்லை என்று கார் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கரும்பு வெட்டிவிட்டு வந்த ஒரு அம்மா, ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர், பக்கத்தில் வந்தார். கையில் துணி சுற்றிய கத்தி, தலையில் சும்மாடு.

"இன்னாம்மா ஆச்சு? அடிபட்டுச்சா?"

"இல்லங்க. பின்னாடி ஒசரம் அதிகமாயிடுச்சு. பாரம் இல்ல, அதான்."

அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "பாரம்தானே? நானும் திருவாலங்காடுதான் போறேன். பின்னாடி குந்திக்கட்டுமா? கரும்புக்கட்டு வேணும்னாலும் ரெண்டு எடுத்து வெக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் கை பின்கதவின் கைப்பிடிக்குப் போனது.

"வேணாங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "சீட்டு ஈரமா இருக்குது. நீங்க முன்னாடி குந்துங்க. நான் இத்த மாத்திடறேன்."

ஸ்பேனரை எடுத்தேன். அந்த போல்ட் மாட்டியதிலிருந்து யாரும் அதைக் கழற்றியதில்லை. துரு ஏறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்பேனர் மேல் காலை வைத்து மிதித்தேன். அது கிறீச்சென்று சத்தம் போட்டு நகர்ந்தது. டிரெய்லரைக் கழற்றி ஏர்க்காலைத் தாங்கிப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். நான் குண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வெயிலில் சுட்டது. ஒரு துளை கீழே இறக்கி மாட்டினேன். நாற்காலியைப் பழையபடி முன்னால் நகர்த்திக் கட்டினேன்.

நேராக வந்துவிட்டது. ரசமட்டம் இல்லாமலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கிருந்து வண்டி ஒரு ஆட்டம் இல்லாமல் போனது. அவள் இல்லாமல் அது அவ்வளவு சரியாகப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கரும்பு ஆலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். நான் "ஆங், ஆங்" என்றேன். கோயில் குளத்தருகே இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "பாத்துப் போம்மா," என்றார்.

அந்த வீடு ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. வாசலிலேயே மனைவி நின்றிருந்தார். கணவருக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். புதுச்சட்டை போட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்க வெட்கப்பட்டார். நாற்காலியை உள்ளே ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மனைவி அவரைத் தூக்கப் போனார், கனம் தாங்கவில்லை. நான் மறுபக்கம் பிடித்தேன். கையை அக்குளுக்குக் கீழே கொடுத்து, மூச்சை இழுத்து, முழங்காலை மடக்கி எழுந்தேன். அவர் நாற்காலியில் சரியாக உட்கார்ந்தார். "பழக்கமோ?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

குமிழை எப்படித் தள்ளுவது என்று காட்டினேன். முதலில் கதவு நிலையில் முட்டினார். அடுத்து மாட்டுக் கொட்டகைச் சுவரில் உரசினார். பிறகு வாசலைத் தாண்டி, வாய்க்கால் கரையில் போக ஆரம்பித்தார். மனைவி, "இருங்க, இருங்க" என்று பின்னாலேயே ஓடினார். அவர் நிற்கவில்லை. தூரத்தில் அரசமரம் வரைக்கும் போய், அங்கே நின்று, கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். மனைவி அவர் பக்கத்தில் போகாமல் பாதி வழியிலேயே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது.

"யாருதும்மா இது?" என்று கேட்டார்.

"எங்க அக்காது."

"அவங்களுக்குப் புதுசு வந்துட்டுதா?"

பட்டறைக்காரர் அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த முகத்தில் வேறு எதையும் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆங்," என்றேன்.

"நல்லதும்மா. நல்லா இருக்கட்டும் அவங்க."

மனைவி மட்டும் என் முகத்தையே பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். கத்திரிக்காய்க் குழம்பு. பசி இல்லை என்று சொல்ல நினைத்தேன். சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, குழம்பு குறையும்போதெல்லாம் ஊற்றினார். கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எப்பனா இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாம்மா. அவரு எப்பிடி ஓட்டறாருன்னு பாத்துட்டுப் போ," என்றார்.

காலி டிரெய்லர் வழியெல்லாம் தடதடவென்று சத்தம் போட்டது. ரயில்வே கேட்டில் நின்றபோது அந்தச் சத்தம் நின்றது. அது நின்றதும் காருக்குள் இருக்க முடியாமல் ரேடியோவைப் போட்டேன்.

வீட்டு வாசலில், நாற்காலி ஏறி இறங்கக் கொத்தனார் போட்டுக் கொடுத்த சிமெண்ட் சரிவில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"குடுத்துட்டியா?"

"ஆங்."

"எப்பிடி ஓட்டறாரு?"

"வேகமா ஓட்டறாரு. கதவுல ஒரு முட்டு, சுவத்துல ஒரு முட்டு."

"பழகிடும்," என்றாள் அம்மா. பிறகு, "வெளிய போனாரா?" என்று கேட்டாள்.

"போனாரு. வாய்க்கா ஓரமா ரொம்ப தூரம் போனாரு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவளை எழுப்பி உள்ளே கூட்டிப்போகலாம் என்றுதான் கிட்டே போனேன். ஆனால் உள்ளே கூடம் காலியாக இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். நானும் அந்தச் சரிவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.